நாற்பத்தொன்றுக்கு நான் போட்ட கழித்தல்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மொன்றியலில் நடந்தது. நான் கனடாவுக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடி வீடொன்றில் நானும் மனைவியும் குடியிருந்தோம். அவள் நாலு மாதக் கர்ப்பிணி. எனக்கு அன்றாடம் கூப்பிட்டால் போகும் துப்புரவு வேலைதான்.

இன்று என்னைத் தெரிந்தவர்கள் என்னை வாய்க்காரன் என்பார்கள். அன்று அப்படியில்லை. அகதி விண்ணப்பம் தீரும்வரை யாரிடமும் எதுவும் பேசிவிடக்கூடாது என்று வாயைப் பூட்டி வைத்தேன். விண்ணப்பம் தீர்ந்து கடிதம் வந்த பிறகும் பூட்டைத் திறக்க மறந்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நில அளவையாளரிடம் எட்டு வருடம் படவரைஞனாக இருந்தவன் நான். காணிப் படம், பங்கு பிரித்த படம், வழக்குக்குப் போகும் படம் எல்லாம் என் கையால்தான் போகும். இங்கே வந்த பிறகு நான் பேனா பிடித்தது படிவங்களில் கையெழுத்துப் போட மட்டுமே.

பிரெஞ்சு வகுப்பில் ஒருநாள், வீட்டிலிருந்து வகுப்புக்கு வரும் வழியை வரைந்து, இடது வலது எழுதச் சொன்னார் ஆசிரியை. மற்றவர்கள் கோணல் கோடு போட்டார்கள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அடிமட்டம் வைத்து, தெருக்களை அளவுக்குச் சுருக்கி, வடக்கு எது என்று அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். பிழை ஏதோ செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் அவருடைய கணவரின் அடித்தள அறையில் எனக்கு வேலை. அஹுன்ட்சிக்கில் ஓர் அமைதியான தெரு. அவர் ஒரு காலத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர், பிறகு பயிற்சியாளர். இரண்டு முழங்காலும் போய், படிகளில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார். எல்லைக்கு அந்தப்பக்கத்து அணிகள் அவரிடம் ஒரு வேலை ஒப்படைக்கும். போன வருடம் தங்கள் அணி ஆடிய ஆட்டங்களின் வீடியோ கசெட்டுகளை அனுப்புவார்கள். தடுப்பு ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் அவர் எடைபோட்டு, யாரை வைத்திருக்கலாம், யாரை அனுப்பலாம் என்று அறிக்கை எழுத வேண்டும். அறிக்கைக்குப் படம் வரைய ஒரு நல்ல கை தேவைப்பட்டது.

ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். முதல் நாள் ஒரு முழுக் கசெட்டையும் பார்த்து முடித்தேன். உதைத்தது விரல் விட்டு எண்ணத்தக்க தடவைதான். மிச்ச நேரமெல்லாம் தலைக்கவசம் போட்ட தடியர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். இதற்கா படம் என்று தோன்றியது.

எனக்கு ஆட்டத்தைப் புரிய வைத்தது முதலாளி அல்ல, கிளித்தட்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்து விளையாட்டு அது. தரையில் கோடுகள் கீறி, ஒரு பக்கத்தார் கோடுகளில் நின்று மறிப்பார்கள், மறுபக்கத்தார் தொடுபடாமல் கடந்து போகவேண்டும். மறிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. கிளி என்கிற ஒருவர் மட்டும் நடுக்கோடு வழியாக எங்கேயும் ஓடலாம். யாராவது தன் கோட்டைக் கோட்டைவிட்டால் கிளிதான் ஓடி வரவேண்டும். இந்த ஆட்டத்திலும் பதினொரு பேர் மறிக்கிறார்கள், ஓரத்தில் இருவர், பின்னால் நடுவில் கிளி மாதிரி ஒருவர். அது விளங்கிய பிறகு மற்றது தானாக வந்தது.

கசெட்டுகள் மைதானத்தின் உச்சியிலிருந்து எடுத்தவை. சத்தம் இல்லை. முகமும் தெரியாது. முதுகில் எண் மட்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு தாள்: மறிப்பவர்களுக்குப் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி, யார் எங்கே ஓடினார் என்று அம்பு. கடைசியில் முதலாளியின் விதிப்படி ஒரு குறி. எறிந்த பந்தைத் தட்டிவிட்டவருக்குக் கூட்டல். எதிராளி பந்தைப் பிடித்துவிட்டால், அந்த இடத்துக்குக் கிட்ட நின்ற மறிப்பாளருக்குக் கழித்தல். அவ்வளவுதான். கேள்வி கேட்காமல் போட்டேன். தேநீரோடு, மேசையோடு, கூர்சீவிய பென்சிலோடு ஒரு வேலை. கேள்வி கேட்கிற ஆளா நான்!

அப்படிப் போட்டுக்கொண்டு வந்ததில் கழித்தல் குவிந்தது நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு. நடுவில் பின்னால் நிற்பவர். யாராவது பந்தைப் பிடித்தால் இவர் எங்கிருந்தோ ஓடிவந்து, பிடித்த பிறகுதான் சேருவார். அவரை வைத்து வீட்டில் பகிடி வேறு. நான் சாப்பாட்டுக்குப் பிந்தி வந்தால் மனைவி கதவைத் திறந்துகொண்டு, "நாற்பத்தொன்று வந்திட்டார்!" என்பாள். கறி ஆறிய பிறகு வருகிறவர் என்று அர்த்தம். அந்த மனிதருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அவர் ஒரு சிரிப்பு.

ஓரத்தில் நின்ற இருபத்திரண்டாம் எண் நேர்மாறு. பாய்ந்து பாய்ந்து பந்தைப் பறிப்பார். கூட்டல் எல்லாம் அவருக்கு. அவரைப் பார்க்கத்தான் சனம் மைதானத்துக்கு வருகிறது என்று முதலாளி சொல்லுவார்.

ஜூன் கடைசியில் வரைந்து முடித்தேன். அறிக்கையில் நாற்பத்தொன்றின் பெயருக்கு நேரே முதலாளி "அனுப்பலாம்" என்று தட்டச்சு செய்தும் விட்டார். அணியின் தடுப்புப் பயிற்சியாளர் அடுத்த வாரம் காரில் வந்து நேரில் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதற்கு முன் அழகுக்கு ஒரு படம் சேர்க்கலாம் என்றார் முதலாளி. நாற்பத்தொன்று கழித்தல் வாங்கிய இடங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் காட்டும் படம்.

நான் பழைய தொழில் முறைப்படி செய்தேன். பதினேழு கழித்தலையும் தனித்தனி ட்ரேசிங் தாளில் படியெடுத்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, யன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். யாழ்ப்பாணத்தில் வேலி வழக்கு வந்தால் இப்படித்தான் பார்ப்போம். வேலி அடைக்கும் ஒவ்வொரு தடவையும் கதியால் கம்பைச் சாண் சாணாகப் பக்கத்துக் காணிக்குள் தள்ளி நடுகிறவர்கள் எங்கள் ஊரில் குறைவில்லை. நேரில் பார்த்தால் தெரியாது. பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் அடுக்கினால் கள்ளன் பிடிபடுவான்.

அன்றும் பிடிபட்டான். ஆனால் நான் தேடிய ஆள் அல்ல.

நாற்பத்தொன்றின் அம்புகள் எல்லாம் நடுவிலிருந்து புறப்பட்டு ஒரே மூலைக்குப் போய் முடிந்தன. வலது ஓரம். அது அவருடைய காணியே இல்லை. இருபத்திரண்டின் காணி. கசெட்டுகளைத் திரும்பப் போட்டு, இந்தத் தடவை பந்தைப் பார்க்காமல் இருபத்திரண்டை மட்டும் பார்த்தேன். அவர் தன் இடத்தை விட்டு, பந்தைப் பறிக்கும் ஆசையில் முன்னே பாய்கிறார். நாலு தடவை பாய்ந்தால் ஒரு தடவை பந்து கிடைக்கிறது, கூட்டல். மற்ற மூன்று தடவையும் அவர் பாய்ந்த இடத்துக்குப் பின்னால் எதிராளி தன்னந்தனியாக ஓடுகிறான். அந்த ஓட்டையை அடைக்க நாற்பத்தொன்று மைதானத்தின் நடுவிலிருந்து உயிரைக் கொடுத்து ஓடி வருகிறார். பந்து பிடிபட்ட இடத்தில் கிட்ட நிற்பது அவர். கழித்தல் அவருக்கு. போட்டது நான்.

இன்னும் இருந்தது. பல நகர்வுகளில் நாற்பத்தொன்று நேரத்துக்கு வந்துவிட்டதைப் பார்த்து, எதிரணி எறிபவர் அங்கே எறியாமல் விட்டுவிட்டார். அதற்கு எங்கள் தாளில் குறியே கிடையாது. பருவத்தின் பிற்பாதியில் எதிரணிகள் எல்லாம் இந்த ஓட்டையை மோப்பம் பிடித்து, வேண்டுமென்றே வலது ஓரமாகவே எறிந்தன. நாற்பத்தொன்றை அனுப்பிவிட்டு வேறு ஒரு மகாவீரனைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அவனுக்கும் இதே கழித்தல்தான் விழும். பிழை ஆளில் இல்லை, இருபத்திரண்டைக் கேள்வி கேட்காமல் ஓடவிட்ட திட்டத்தில்.

அன்றே முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. பொறுமையாகக் கேட்டார், கேட்டுவிட்டுச் சிரித்தார். இருபது வருடமாக இதே விதிதான், எண்கள் பொய் சொல்லாது, உன்னுடைய வேலை படம் வரைவது, அதை அழகாகச் செய்கிறாய் என்றார். பயிற்சியாளர் வரும் நாளில் கசெட் போட்டுக் காட்ட மட்டும் நீ இருந்தால் போதும் என்றார். தோளில் ஒரு தட்டும் தட்டினார். அந்தத் தட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

காரணம் இருக்கிறது. இதுவரை யாருக்கும் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை ஒருவரும் அங்கே வேலை. அவருக்குச் சட்டிபானைத் தொட்டி, எனக்குத் தட்டு கழுவும் மெஷின். ஒரு மத்தியானம், ஊரில் ஷெல்லடி என்று கேள்விப்பட்டு, கொழும்புக்கு டெலிபோன் எடுக்க நான் தெருமுனைக்கு ஓடினேன். அண்ணை என் மெஷினில் நின்றார். லைன் கிடைக்க நேரம் எடுத்தது. அதற்குள் அவருடைய தொட்டியில் சட்டிகள் மலையாகிவிட்டன. பெரிய சமையற்காரர் வந்து பார்த்தார். மலைக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டார். நான் அப்போது திரும்பி வந்து வாசலில் நிற்கிறேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு வசனம் போதும். திறக்கவில்லை. அண்ணையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். மெட்ரோவில் வரும்போது, "விடு தம்பி, வேறை வேலை இல்லாத ஊரே இது?" என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். அதன் பிறகு அந்தக் கதையை இரண்டு பேரும் எடுத்ததில்லை.

முதலாளி தோளில் தட்டிய நாள் சனிக்கிழமை. வேலை முடிந்து நேரே அந்த அண்ணையிடம் போனேன். அவர் அப்போது பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தமிழ்க் கடையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மீன் டின்களை அடுக்கியபடியே கேட்டார்.

"விசரே உனக்கு? பெண்சாதி வயித்திலை பிள்ளையோடை இருக்கிறாள். ஆரோ ஒரு அமெரிக்காக்காரன். உவன் உனக்கு மாமன்ரை மகனே?"

"அண்டைக்கு அந்த மெஷினிலை நிண்ட நீங்கள் மட்டும் எனக்கு ஆரண்ணை? மாமன்ரை மகனே?"

அண்ணையின் கை நின்றது. கையிலிருந்த டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப ஏனடா உந்தக் கதை" என்றார். பிறகு மிச்ச டின்களை அடுக்கத் தொடங்கினார். நான் எழும்பும்போதுதான், "கதைக்கிறதெண்டால் வடிவாக் கதை. பாதியிலை விட்டிட்டு வந்திடாதை" என்றார்.

பயிற்சியாளர் வரும் நாள் காலையில்தான் மனைவியிடம் சொன்னேன். வேலை போனாலும் போகும் என்றேன். அவள் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உண்மையா அவர் மற்றவன்ரை பிழைக்குத்தான் ஓடினவரோ? வடிவாப் பாத்தனீங்களோ?"

"ஓம். பதினேழு தாளிலை பாத்தனான்."

"அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் அந்த மனிசனைப் பகிடி பண்ணினது?"

ட்ரேசிங் தாள்களைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பயிற்சியாளர் பெரிய உடம்புக்காரர். அடித்தள அறையின் கதவால் குனிந்து வந்தார். வெள்ளைத் தொப்பி, சிவந்த கழுத்து, கையில் காகிதக் கோப்பையில் காப்பி. என்னைப் பார்த்துத் தலையாட்டினார், பிறகு மறந்துவிட்டார். முதலாளி அறிக்கையைப் பக்கம் பக்கமாக வாசித்தார். அவர் சொன்ன கசெட்டைச் சொன்ன இடத்தில் நான் போட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றின் பக்கம் வந்தது. ஓட்டம் குறைந்துவிட்டது, பிந்தி வருகிறார், அனுப்பலாம் என்று வாசித்து முதலாளி அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். பயிற்சியாளர் பேனாவை எடுத்து எதையோ ஒரு கோடு போட்டு வெட்டினார்.

எனக்கு அந்தப் பேனாக் கோடு கண்ணில் குத்தியது. ஒரு மனிதனின் பிழைப்பு அது. அந்தக் கோட்டுக்கு மை ஊற்றிக் கொடுத்தவன் நான்.

"சேர், அந்தத் தாள் பிழை" என்றேன். என்னுடைய ஆங்கிலம் எனக்கே கேட்கச் சின்னதாக இருந்தது.

முதலாளி முகம் சிவந்து, பிரெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. முகட்டை ஒட்டியிருந்த சின்ன யன்னலில் ஜூலை வெயில் நன்றாக அடித்தது. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, பதினேழு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினேன். தாள் நேராக ஒட்டியது. எட்டு வருடப் பழக்கம் அல்லவா.

"இவர் யார்?" என்று பயிற்சியாளர் முதலாளியிடம் கேட்டார்.

"படம் வரைகிறவர்" என்றார் முதலாளி.

"நீ இந்த ஆட்டத்தை எப்போதாவது ஆடியிருக்கிறாயா?" கேள்வி இப்போது எனக்கு. குரலில் நக்கல் இருந்தது. அந்த நக்கல்தான் எனக்கு உதவி செய்தது. பயம் போய்க் கோபம் வந்தது.

"இல்லை சேர். ஒருநாளும் ஆடியதில்லை. எங்கள் ஊரில் வேலியைத் தள்ளி நட்டவனை நான் படத்தில் கண்டுபிடிப்பேன். அதற்கு நான் வேலி அடைக்கத் தெரிந்திருக்கத் தேவையில்லை."

அவருக்கு வேலிக் கதை விளங்கியதோ என்னவோ. நான் நிறுத்தவில்லை. அண்ணை பாதியில் விடாதே என்று சொல்லியிருக்கிறார். அம்புகள் எங்கே தொடங்குகின்றன, எங்கே முடிகின்றன, அந்த மூலை யாருடைய பொறுப்பு, அந்த நேரம் அவர் எங்கே போயிருந்தார் என்று ஒவ்வொன்றாக விரலால் காட்டினேன். "வந்தவருக்குக் கழித்தல் போட்டேன் சேர். விட்டுவிட்டுப் போனவருக்கு ஒன்றும் போடவில்லை. நாற்பத்தொன்றை அனுப்பினால் அடுத்ததாக அங்கே நிற்கிறவரையும் அடுத்த வருடம் அனுப்பவேண்டி வரும். ஓட்டை அப்படியே இருக்கும்."

பயிற்சியாளர் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"கசெட்டைப் போடு" என்றார் பயிற்சியாளர்.

போட்டேன். பதினேழில் ஏழோ எட்டோ பார்த்தார். ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். காப்பி ஆறிப்போய், அதில் ஈ ஒன்று விழுந்ததையும் அவர் கவனிக்கவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, இப்படிக் குறி போடச் சொன்னது யார் என்று கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். தப்புவதற்கு எனக்கு அருமையான வழி அது. அவர் சொன்னார், நான் செய்தேன் என்று முடித்திருக்கலாம்.

"விதி இங்கத்தையது. கண்ணை மூடிக்கொண்டு போட்டது நான். இரண்டும் பிழை" என்றேன்.

பயிற்சியாளர் எழுந்தார். என் தாள்களை யன்னலிலிருந்து தானே உரித்து, கிழியாமல் சுருட்டி, கையில் எடுத்துக்கொண்டார். முதலாளியோடு தனியாகக் காருக்குப் போய் ஏதோ பேசினார். என்னிடம் நன்றியும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை. ஆனால் தட்டச்சு செய்த அறிக்கை மேசையிலேயே கிடந்தது. எடுக்க மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதலாளி பக்கவாட்டாகப் படி இறங்கி வந்தார். குரலை உயர்த்தவில்லை. நாளைக்கு வரவேண்டாம் என்றார். என்னைத் தன் வீட்டு மேசையில் உட்கார வைத்ததற்கு நான் செய்த கைம்மாறு இதுதானா என்று கேட்டார். அது குத்தியது. அவர் எனக்கு நல்லது செய்தவர், அதை மறுக்க முடியாது. ஆனால் நன்றிக்காக வாயை மூடினால் வேலைக்காக மூடியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பென்சில்களைப் பெட்டியில் வைத்து, மெர்சி என்று நன்றி சொல்லி, படியேறினேன். பிரெஞ்சு வகுப்புக்கும் பிறகு நான் போகவில்லை, வேறு வகுப்பில் சேர்ந்தேன்.

வீட்டுப் படிகளில் ஏறும்போதுதான் உறைத்தது. மேசை போய்விட்டது. பிள்ளை வரப்போகிறது. அவளிடம் என்ன சொல்வது? கதவைத் தட்டினேன். அவள் திறந்தாள். என் கையிலிருந்த பென்சில் பெட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது.

"கதைச்சனீங்களோ?"

"கதைச்சனான்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

அவள் வழிவிட்டு நின்று, உள்ளே பார்த்து, யாரோ விருந்தாளிகள் காத்திருப்பது போல உரத்துச் சொன்னாள்: "நாற்பத்தொன்று வந்திட்டார்!"

அதே பகிடிதான். ஆனால் நான் சிரிக்கவில்லை, அழுதுவிட்டேன். ஆம்பிளை அழுதால் என்ன? அழுததில் எனக்கு வெட்கமில்லை.

அடுத்த கிழமையே செயின்ட்-மிஷேலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஏற்றப் போனேன். முதுகு வலித்தது, மனம் வலிக்கவில்லை. கடைக்கு அண்ணையைப் பார்க்கப் போனபோது, அந்த உணவகத்து நாளைப் பற்றி முதல் தடவையாக மன்னிப்புக் கேட்டேன். அவர், "அது கிடக்கு. உன்ரை அமெரிக்காக்காரன் தப்பினவனோ?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. யாரிடம் போய் விசாரிப்பது? பெயர் அறிக்கையில் ஒரு தடவை பார்த்ததுதான், அதையும் சரியாக வாசிக்கத் தெரியவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம். பிறந்து ஆறு கிழமையான மகளை மடியில் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியைத் திருப்பினேன். அமெரிக்க ஆட்டம் ஒன்று. உடுப்பின் நிறம் எனக்குத் தெரிந்த நிறம். கிட்டப் போய்ப் பார்த்தேன். நடுவில், பின்னால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறார் நாற்பத்தொன்று.

மனைவியைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் பார்த்தோம். அவர் ஒரு தடவை தலைக்கவசத்தைக் கழற்றினார். நான் நினைத்ததைவிட வயது கூடியவர். தாடியில் நரை. சத்தத்தோடும் முகத்தோடும் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என் தாளால்தான் அவர் அங்கே நின்றார் என்று சொல்லமாட்டேன். ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் நின்றார்.

அடுத்த நகர்வில் இருபத்திரண்டு முன்னே பாய்ந்தார். பந்து தவறியது. அவருக்குப் பின்னால் எதிராளி தனியாக ஓடிப் பிடித்தான். நடுவிலிருந்து நாற்பத்தொன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அவனை விழுத்தினார். உடனே வர்ணனையாளர் சொல்கிறார்: நாற்பத்தொன்று மறுபடியும் பிந்திவிட்டார், வயது போய்விட்டது.

நான் பிள்ளையோடு எழும்பிவிட்டேன். "டேய், அவர் வந்தவரடா! வராமல் நிண்டிருந்தால் உனக்கு அவரின்ரை நம்பரே தெரிஞ்சிராது! விட்டிட்டுப் போனவனைப் பார், உன்ரை கண்ணுக்கு என்ன?" என்று தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். பிள்ளை வீரிட்டு அழுதது. கீழ்வீட்டுக்காரர் தடியால் முகட்டில் இடித்தார். மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நான் நிறுத்தவில்லை, ஆட்டம் முடியும்வரை வர்ணனையாளரோடு சண்டை பிடித்தேன்.

பிற்காலத்தில் நான் திரும்பவும் படவரைஞனானேன். இப்போது எனக்குக் கீழே எட்டுப் பேர். வருடக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் குறி போட்டு மேலே அனுப்பவேண்டும். யாராவது பிந்தினார், யாருடைய மேசையிலாவது வேலை குவிந்தது என்று கடிதம் வந்தால், பேனாவை மூடிவிட்டு அந்த ஆள் அந்த நேரம் யாருடைய மூலைக்கு ஓடிப்போனார் என்று முதலில் தேடுகிறேன். மேலிடத்துக்கு இது பிடிப்பதில்லை, என்னைத் தாமதக்காரன் என்கிறார்கள், என் பெயருக்கு நேரேயும் கழித்தல் விழுகிறது. விழட்டும், எனக்கு அது கணக்கில்லை. பெயர் தெரியாத ஒரு மனிதருக்கு முப்பது வருடத்துக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு போட்ட அந்தப் பதினேழு கோடுகளை இன்னும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன்.